ஒரு பழைய வேட்டியும் நல்ல வெளிச்சமும்

[திரையில்: மரப்பலகை மேல் ஒரு பித்தளைக் குத்துவிளக்கு. டியூப்லைட் வெளிச்சத்தில் போனில் எடுத்த படம்.]

வணக்கம். இந்தப் படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். புளி போட்டுத் தேய்த்து, விபூதியால் துடைத்துப் பளபளவென்று வைத்த விளக்குதான். ஆனால் படத்தில் பரணிலிருந்து இப்போதுதான் இறக்கியது போல இருக்கிறது. தண்டு முழுக்கக் கருப்படித்துக் கிடக்கிறது. நடுவில் டியூப்லைட்டின் பிம்பம் மெல்லிய வெள்ளைக் கோடாக ஓடுகிறது. பின்சுவரில் அழுத்தமான நிழல்.

[திரையில்: அதே விளக்கு, ஜன்னலோரம்.]

இப்போது இதைப் பாருங்கள். அதே விளக்கு, அதே பலகை, அதே போன். தண்டில் கடைந்த ஒவ்வொரு வளையமும் தனித்தனியாகத் தெரிகிறது. இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை பால் வடிந்தது போல அகலமான ஒரு வெள்ளைப் பட்டை. பித்தளையின் மஞ்சள் நிறம் மஞ்சளாகவே இருக்கிறது. இரண்டு படங்களுக்கும் நடுவில் புதிதாக வந்து சேர்ந்தது ஜன்னல் வெயிலும் ஒரு பழைய வேட்டியும் மட்டும்.

நம் ஊரில் ஷீட் என்ற ஒரே சொல் எத்தனை பொருளுக்கு ஓடுகிறது பாருங்கள். கட்டிலில் பெட்ஷீட், மாட்டுக்கொட்டகைக்குத் தகர ஷீட், ஸ்கூல் பிராஜெக்டுக்குத் தெர்மாகோல் ஷீட், ஜெராக்ஸ் கடையில் கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் ஓஹெச்பி ஷீட். கைவினைப் பொருள் செய்து விற்கிற நம்மில் பலர், படம் எடுக்கும்போது இவற்றைப் பொருளுக்குப் பின்னால் விரித்துவிட்டு, வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். அங்கிருந்து அதை எடுத்து வெளிச்சம் வரும் வழியில் நிறுத்திப் பாருங்கள் என்று சொல்லத்தான் இந்த வீடியோ.

பின்னணியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சார்ட் பேப்பரின் ஒரு முனையைச் சுவரில் ஒட்டி, மறுமுனையை மேஜை மேல் வழியவிடுங்கள். நடுவில் மடிப்பு விழாமல் வளைந்து இறங்க வேண்டும். அப்படி இருந்தால் சுவரும் மேஜையும் சேரும் கோடு படத்தில் தெரியாது. பெட்ஷீட் என்றால் இஸ்திரி போட்டு, பொருளிலிருந்து மூன்று நான்கு அடி தள்ளிக் கட்டுங்கள். சுருக்கம் மீதி இருந்தாலும் மங்கிப் போய்விடும். அமெரிக்கப் புகைப்படக்காரர் இர்விங் பென் 1950-இல் பாரிஸில் ஒரு பழைய நாடகத் திரைச்சீலையைப் பின்னணியாகக் கட்டிப் படம் எடுத்தார். பிறகு பல பத்தாண்டுகள் அதையே பயன்படுத்தினார். நல்ல பின்னணி ஒன்று கிடைத்தால் போதும், படத்துக்குப் படம் புதிது தேட வேண்டியதில்லை.

சரி, வேட்டிக்கு வருவோம்.

[திரையில்: வெயில் விழும் ஜன்னல். கம்பியில் கிளிப் போட்டு வேட்டி தொங்குகிறது.]

நாலு முழ வேட்டியை விரித்தால் ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளம். சாதாரண வீட்டு ஜன்னல் ஒன்றை முழுதாக மூடிவிடும். ஜன்னல் வழியே நேரடி வெயில் வரும் நேரத்தில் இதைக் கட்டுங்கள். வெயில் துணியில் பட்டதும் அந்த நூல்கள் வெளிச்சத்தை நாலா பக்கமும் சிதறடிக்கின்றன. இப்போது விளக்கின் மேல் வெளிச்சம் விழுவது சூரியனிலிருந்து இல்லை, வேட்டியிலிருந்து.

ஏன் இது முக்கியம்? நிழலின் ஓரம் கூர்மையாக இருக்குமா, கரைந்து போகுமா என்பது வெளிச்சம் கொடுக்கும் பொருள் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைப் பொறுத்தது. சூரியனின் விட்டம் சுமார் 14 லட்சம் கிலோமீட்டர். ஆனால் அது 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருப்பதால், நம் கண்ணுக்கு ஒரு பொட்டு அளவுதான். அதனால்தான் உச்சி வெயிலில் நிழல் பிளேடால் வெட்டியது போல விழுகிறது. மேகம் மூடிய நாளில் வானம் முழுவதுமே விளக்காகிவிடும், நிழலே தெரியாது. குத்துவிளக்கின் இடத்தில் உங்கள் கண்ணை வைத்து யோசியுங்கள். வெறும் ஜன்னலில் அதற்குத் தெரிவது அந்தச் சின்னச் சூரியன். வேட்டி கட்டிய ஜன்னலில் தெரிவது இரண்டு மீட்டர் வெள்ளைச் சுவர். பித்தளை ஒரு கண்ணாடி மாதிரி, எதிரில் இருப்பதைத்தான் காட்டும். முதல் படத்தில் டியூப்லைட்டைக் காட்டியது, இரண்டாவதில் வேட்டியைக் காட்டுகிறது. அந்தப் பால் பட்டை வேட்டியின் பிம்பம்.

இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. வெயிலுக்குப் பதில் பல்பு வைக்கும்போது, துணியை அந்தப் பல்புக்குப் பக்கத்திலேயே கட்டிவிடுவார்கள். அப்படிச் செய்தால் துணியில் உள்ளங்கை அளவு இடம்தான் ஒளிரும், மற்ற இடமெல்லாம் சும்மா தொங்கும். சூடாகும் பல்பு என்றால் தீப்பிடிக்கவும் வழி உண்டு. பல்பு துணியிலிருந்து தள்ளி இருக்க வேண்டும், துணி பொருளுக்கு நெருங்கி இருக்க வேண்டும். துணி முழுக்க வெளிச்சம் பரவியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கரையில் பச்சைப் பட்டை இருந்தால் அந்தப் பக்கத்தை மடித்து ஒதுக்குங்கள், இல்லாவிட்டால் பித்தளையில் பச்சைக் கோடு விழும். பூப்போட்ட பெட்ஷீட் இந்த வேலைக்கு வேண்டவே வேண்டாம். சொட்டு நீலம் தாராளமாகப் போட்ட வேட்டியும் படத்தைக் கொஞ்சம் நீலப் பக்கம் இழுக்கும். போனில் ஒயிட் பேலன்ஸ் என்ற நிறச் சமன் அமைப்பைத் தொட்டுச் சரிசெய்துகொள்ளலாம்.

[திரையில்: விளக்கின் வலது பக்கம் தெர்மாகோல் ஷீட். எடுத்தும் வைத்தும் காட்டுகிறோம்.]

இப்போது இடது பக்கம் அழகாக இருக்கிறது, வலது பக்கம் இருண்டிருக்கிறது. அங்கே ஒரு தெர்மாகோல் ஷீட்டை நிறுத்தினால், வேட்டியைத் தாண்டி வந்த வெளிச்சத்தை அது திருப்பி அனுப்பும். சினிமாப் படப்பிடிப்பு பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். நடிகர் பக்கத்தில் ஒருவர் தெர்மாகோலைப் பிடித்தபடி அசையாமல் நிற்பார். சட்டத்தில் கட்டிய வெள்ளைத் துணிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ஸ்கிம்மர். நம் வேட்டி செய்வதும் அதே வேலைதான்.

இந்த இடத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் நகர எனக்கு மனமில்லை. சுப்ரத மித்ரா. சத்யஜித் ராயின் முதல் படத்துக்கு ஒளிப்பதிவு செய்ய வந்தபோது வயது 21. அதற்கு முன் அவர் சினிமா கேமராவை இயக்கியதே இல்லை. அடுத்த படம் ‘அபராஜிதோ’, 1956-இல் வந்தது. கதையின் முற்பகுதி காசியில் நடக்கிறது. காசியின் பழைய வீடுகளில் நடுவில் ஒரு முற்றம் இருக்கும், வெளிச்சம் மேலே வானத்திலிருந்துதான் இறங்கும். வெயில் நேராக உள்ளே வராது, அதனால் எங்குமே அழுத்தமான நிழல் இருக்காது. மழைக்குப் பயந்து அந்த வீட்டைக் கல்கத்தா ஸ்டுடியோவுக்குள் செட்டாகப் போடலாம் என்றார் கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா. அப்படி ஒரு வெளிச்சத்தை ஸ்டுடியோவில் கொண்டுவர முடியாது என்று மித்ரா வாதாடிப் பார்த்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஸ்டுடியோ விளக்குகள் ஒவ்வொன்றும் ஒரு நிழல் போடும், வானம் அப்படிப் போடாது.

[திரையில்: கோட்டோவியம். முற்றத்தின் மேல் வெள்ளைத் துணி, கீழிருந்து மேல்நோக்கி விளக்குகள்.]

கடைசியில் அவர் செய்தது இதுதான். முற்றத்தின் தலைக்கு மேலே, வானம் இருக்க வேண்டிய இடத்தில், வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினார். விளக்குகளை நடிகர்கள் மேல் திருப்பவில்லை, அந்தத் துணியின் மேல் திருப்பினார். துணியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் மட்டும் கீழே இறங்கியது. செட்டுக்குள் ஒரு வானம் வந்துவிட்டது. வெளிச்சத்தைத் திருப்பிவிடும் இந்த முறை இன்று உலகம் முழுக்கச் சாதாரணம். எழுபது வருடங்களுக்கு முன், கறுப்பு வெள்ளைக் காலத்தில், ஒரு துணியை வைத்து அதைச் சாதித்தவர் நம் நாட்டுக்காரர் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கும்.

நீங்களும் செய்து பார்க்கலாம். மின்விளக்கை அறையின் வெள்ளைக் கூரையைப் பார்க்கத் திருப்புங்கள். கூரைக்கு வேறு நிறம் அடித்திருந்தால் வேட்டியைக் கூரையோடு சேர்த்துக் கட்டுங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: வெளிச்சம் குறைந்துவிடும். போனைக் கையில் பிடிக்காமல் எதன் மேலாவது சாய்த்து வையுங்கள்.

மற்ற ஷீட்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. கம்மல், மோதிரம் போன்ற சின்ன நகைக்கு வேட்டி அவசியமில்லை, ஒரு பட்டர் பேப்பரே போதும். துருப்பிடித்த தகரம் டெரகோட்டாவுக்கு அருமையான பின்னணி, ஓரத்தைத் தேய்த்துவிட்டுக் கையாளுங்கள். உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை மட்டும் அழகாக இருக்கிறது என்று எடுத்து அறுக்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது.

[திரையில்: மொட்டைமாடி வெயில். நீலத் துணியில் வெள்ளையாக ஒரு முருங்கை ஈர்க்கு.]

இதுவரை ஷீட்டில் பட்ட வெளிச்சம் வேறு எங்கோ போய் விழுந்தது. இனிமேல் அந்த வெளிச்சத்தை ஷீட்டிலேயே தங்க வைக்கப் போகிறோம். இதன் பெயர் சயனோடைப். 1842-இல் இங்கிலாந்தில் ஜான் ஹெர்ஷல் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தது. மறு வருடமே ஆன்னா அட்கின்ஸ் என்ற தாவரவியலாளர் கடற்பாசிகளைத் தாளின் மேல் வைத்து, வெயிலில் காட்டி, அப்படியே படமாக்கத் தொடங்கினார். பத்து வருடம் அந்த வேலையைச் செய்தார். புகைப்படங்கள் கொண்ட முதல் புத்தகம் என்று பலரும் சொல்வது அந்தப் படங்களைத் தொகுத்த அவருடைய புத்தகத்தைத்தான். அவர் படம் எடுக்கக் கேமராவே பயன்படுத்தவில்லை.

இரண்டு இரும்பு உப்புகள் வேண்டும். 25 கிராம் அம்மோனியம் ஃபெரிக் சிட்ரேட்டை 100 மில்லி தண்ணீரிலும், 10 கிராம் பொட்டாசியம் ஃபெரிசயனைடை இன்னொரு 100 மில்லியிலும் தனித்தனியாகக் கரையுங்கள். தேவையான அளவு மட்டும் சரிபாதியாகக் கலந்து, வெயில் படாத அறையில் துணியில் பூசிக் காயவிடுங்கள். கையுறை போடுங்கள், சமையல் பாத்திரத்தைத் தொடாதீர்கள், ஆசிட் எதுவும் பக்கத்தில் வேண்டாம். பூசும் வேலை பெரியவர்களுடையது.

துணியை முதலில் நன்றாக அலசிக் கஞ்சியை எடுத்துவிட வேண்டும். கிழிந்த வேட்டி இதற்கு வெகு பொருத்தம். காய்ந்த துணி எலுமிச்சை மஞ்சளில் இருக்கும். அதன் மேல் முருங்கை ஈர்க்கை வைத்து, ஒரு கண்ணாடியால் அழுத்தி வெயிலில் வையுங்கள். நிறம் மாறுவதை நின்று பாருங்கள்: மஞ்சள் பச்சையாகும், பச்சை நீலமாகும், பிறகு சாம்பல் பூத்தது போல மங்கும். நம் ஊர் உச்சி வெயிலில் பத்து நிமிடம் போதும். புற ஊதாக்கதிர் பட்ட இடத்தில் இரும்பு மாறி, தண்ணீரில் கரையாத ஒரு நீலமாக நூலில் பிடித்துக்கொள்கிறது. இலைக்கு அடியில் இருந்தது மாறாமல், அலசும்போது மஞ்சளாகக் கரைந்து போய்விடும். தண்ணீர் தெளிந்து ஓடும்வரை அலசுங்கள். மறுநாள் காலையில் நீலம் இன்னும் ஆழமாகியிருக்கும்.

இலை மட்டும்தான் என்றில்லை. உங்கள் படத்தை நெகட்டிவாக மாற்றி ஓஹெச்பி ஷீட்டில் பிரிண்ட் எடுத்து, துணி மேல் வைக்கலாம். அலமாரியில் கிடக்கும் பழைய எக்ஸ்ரே ஷீட் இன்னும் அழகு. எலும்பு இருக்கும் இடம்தான் அதில் தெளிவாக இருக்கும், வெளிச்சம் அந்த வழியே இறங்கும். எனவே உங்கள் வேட்டியில் நீல நிற விரல் எலும்புகள் பதியும். அதே எக்ஸ்ரே ஷீட்டைக் கண்ணில் வைத்துக்கொண்டு கிரகணம் பார்ப்பதை விட்டுவிடுங்கள், கண்ணுக்கு அது பாதுகாப்பே கிடையாது.

[திரையில்: வெளுத்துப்போன ஒரு துணிப்பை. பக்கத்தில் டீ டம்ளர்.]

நான் முதன்முதலில் செய்த பையைச் சோப்புத்தூளில் ஊற வைத்துவிட்டேன். ஒரு மணி நேரத்தில் நீலம் போய், இலை இருந்த இடம் தெரியாமல் மஞ்சளாகிவிட்டது. காரம் இந்த நீலத்துக்கு ஆகாது. வெறும் தண்ணீரில் அலசுவதே நல்லது. ஆனால் அந்தப் பையை நான் எறியவில்லை. வெளுத்த துணியில் இரும்பு மிச்சம் இருக்கும். அதைப் பால் சேர்க்காத கடுந்தேநீரில் போட்டால், தேநீரின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து, படம் கருத்த பழுப்பில் மறுபடி எழுந்து வரும். இதோ, அந்தப் பைதான் இது.

முருங்கை ஈர்க்கு பதிந்த வேட்டித் துண்டை இப்போது அதே ஜன்னலில் கட்டியிருக்கிறேன். நாளெல்லாம் வெயில் பட்டால் நீலம் கொஞ்சம் வெளிறும். அப்போது கழற்றி மடித்து, பீரோவுக்குள் இருட்டில் வைத்துவிடுவேன். சில நாள் கழித்து எடுத்தால் போன நிறத்தில் பெரும்பகுதி திரும்பி வந்திருக்கும்.