எண்ணெய் விட்டும் துப்பாக்கியின் பேரலில் துரு வருகிறதே, ஏன்?

அடுத்த கேள்வி. நண்பர் ஒருவரிடம் லைசென்ஸோடு ஒரு பழைய ரஷ்ய ராணுவ ரைபிள், மோசின்-நாகன்ட், இருக்கிறது. ஒவ்வொரு முறை சுட்டு முடித்ததும் சால்வென்ட் (கரியைக் கரைக்கும் திரவம்) போட்டுத் துடைத்து எண்ணெய் விடுகிறாராம். அப்படியும் சில நாளில் பேரலுக்குள் செம்பழுப்பாகத் துரு வந்துவிடுகிறதாம். வெளியே நிறம் மங்கிய இடங்களை பாலிஷ் போட்டுப் புதிதாக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

எண்ணெயைக் குறை சொல்ல வேண்டாம், தோட்டாவைப் பாருங்கள். பழைய ராணுவக் கையிருப்புத் தோட்டா வாங்கிச் சுடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்தக் காலத்து பிரைமரில், அதாவது தோட்டாவின் அடியில் முதலில் தீப்பிடிக்கும் மருந்தில், பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்டதும் அது பொட்டாசியம் குளோரைடாக மாறி பேரலின் உள்சுவரில் படியும். சமையல் உப்புக்கு அது தம்பி மாதிரி. காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். இவ்வளவு நாளும் நீங்கள் உப்பை அப்படியே விட்டுவிட்டு, அதன் மேல் எண்ணெய் பூசி வந்திருக்கிறீர்கள்.

துப்பாக்கிக்குத் தண்ணீரா என்று பதற வேண்டாம். முதலில் சேம்பர், அதாவது தோட்டா உட்காரும் அறை, காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிடுங்கள். சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டைக் கழற்றி, பேரலின் வாயைக் கீழே பார்த்தபடி ஒரு வாளிக்குள் வைத்து, குழாய் பொருத்திய புனல் வழியாகச் சேம்பரிலிருந்து நல்ல சுடுதண்ணீர் விடுங்கள். குழாய் எதற்கென்றால், தண்ணீர் மரக்கட்டைக்குள் இறங்கிவிட்டால் பேரலின் அடிப்பக்கம் நீங்கள் பார்க்காமலே துருப்பிடிக்கும். சூடான இரும்பு தானே சீக்கிரம் காய்ந்துவிடும். பிறகு துணி ஈரமில்லாமல் வரும்வரை துடைத்து, வழக்கமான சால்வென்ட், கடைசியில் மெல்லிசாக எண்ணெய். போல்ட்டின் முகப்பையும் ஃபயரிங் பின் முனையையும் மறக்காதீர்கள், உப்பு அங்கேயும் இருக்கும். அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவம்தான் உப்பை முறிக்கும் என்று பலர் சொல்வார்கள். அதில் வேலை செய்வது தண்ணீர்தான்!

அப்புறம், கிளீனிங் ராடை எப்போதும் சேம்பர் பக்கமிருந்தே விடுங்கள். தோட்டா கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் பேரலின் வாய் விளிம்பு. ராடு உரசி அது ஒரு பக்கம் தேய்ந்தால் குறி கெடும். எம்1 காரண்ட் மாதிரி வாய்ப்பக்கமிருந்துதான் துடைக்க முடியும் என்ற ரைபிளில் ராடு விளிம்பில் உரசாமல் நடுவில் பிடித்துக்கொள்ளும் ஒரு கைடு போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, பாலிஷ். தயவுசெய்து வேண்டாம். அந்தக் கருநீல நிறமே இரும்பின் மேல் வேண்டுமென்று உண்டாக்கிய ஆக்சைடு படலம்தான். பாலிஷ் அதையும் எடுத்துவிடும், கூடவே முத்திரைகளையும் மழுக்கிவிடும். உங்கள் ரைபிளில் பேரல் சேம்பரோடு சேரும் இடத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நட்சத்திரத்துக்குள் அம்பு இருந்தால் தூலா, முக்கோணத்துக்குள் அம்பு இருந்தால் இஷெவ்ஸ்க்; இரண்டும் ரஷ்ய ஆயுதத் தொழிற்சாலைகள். சேகரிப்பவர் காசு கொடுப்பது இதற்காகத்தான், பளபளப்புக்கு அல்ல. செந்துரு இருக்கும் இடத்தில் மட்டும் எண்ணெய் தொட்ட மிக மெல்லிய ஸ்டீல் வுல் (இரும்பு நார்) கொண்டு லேசாகத் தேயுங்கள், போதும்.

போல்ட்டிலும், கட்டையின் பின்முனையில் இருக்கும் பட் பிளேட் தகட்டிலும் பொறித்த வரிசை எண்களையும் பாருங்கள். பழைய வரிசை எண்ணின் மேல் கோடு போட்டு அடித்துவிட்டுப் புது எண் பொறித்திருந்தால், ஆயுதச் சாலையில் பழுது பார்த்தபோது வேறொரு ரைபிளின் பாகத்தை மாட்டியிருக்கிறார்கள். அதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் போல்ட் எண் பேரலோடு சுத்தமாக ஒத்துப்போகவில்லை என்றால், அடுத்த தோட்டாவைப் போடும் முன் துப்பாக்கி பழுது பார்க்கும் ஒரு கன்ஸ்மித்திடம் கொடுத்து ஹெட்ஸ்பேஸ், அதாவது போல்ட் முகப்புக்கும் சேம்பரில் தோட்டா முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம், அளந்துவிடுங்கள்.

கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தோல் ஹோல்ஸ்டர் (உறை) இடுப்பில் கட்டத்தான், சேமித்து வைக்க அல்ல. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், உள்ளே மாதக்கணக்கில் விட்டால் இரும்பில் புள்ளி புள்ளியாகப் பள்ளம் விழும். வெளியே எடுத்துத் துடைத்து, பெட்டகத்தில் சிலிக்கா ஜெல்லோடு பூட்டி வையுங்கள்.