வேலைக்காரச் சபாபதி முட்டாள் இல்லை

பெரியவர்களுக்கும், நாடகம் போடும் ஆசையோடு வந்திருக்கும் இளைஞர்களுக்கும் வணக்கம்.

நாங்கள் பத்துப் பேர். பகலில் ஆபீஸ், பள்ளிக்கூடம், கடை என்று ஆளுக்கொரு பக்கம் இருப்போம். ராத்திரி ஏழு மணிக்கு மேல்தான் ஒத்திகை. நடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர் எங்களில் யாரும் கிடையாது. போன வருஷம் பம்மல் சம்பந்த முதலியாரின் ‘சபாபதி’யை மேடையேற்றினோம். வீட்டுக்குள் நடக்கிற சிரிப்பு நாடகம்தானே, இரண்டு வாரம் போதும் என்று ஆரம்பித்தோம். இரண்டு மாதம் பிடித்தது.

முதலியாரைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். 1891 ஜூலை 1-ஆம் தேதி சென்னையில் நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியபோது அவருக்கு வயது 18. பெல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சாரியாரின் குழு சென்னைக்கு வந்து தெலுங்கில் நாடகம் போட்டது. படித்தவர்களும் உத்தியோகம் பார்ப்பவர்களும் அதில் நடித்தார்கள். அதைப் பார்த்துத்தான் தமிழிலும் இப்படிச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. நாடகக்காரன் என்றாலே முகம் சுளித்த காலம் அது. பின்னாளில் வக்கீலானார், நீதிபதியாகவும் இருந்தார், நாடகத்தை மட்டும் விடவில்லை. தொண்ணூறுக்கு மேல் எழுதினார். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்திகூட அந்தச் சபையில் வேஷம் கட்டியவர். நம்மைப் போல வேலை முடிந்து வந்து ஒத்திகை பார்க்கிற எல்லாருக்கும் அவர்தான் மூத்தவர்.

சரி, நாடகத்துக்கு வருகிறேன். எஜமானன் பெயர் சபாபதி, வேலைக்காரன் பெயரும் சபாபதி. 1941-இல் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் இதைப் படமாக எடுத்தபோது டி.ஆர். ராமச்சந்திரன் எஜமானன், காளி என். ரத்தினம் வேலைக்காரன். எங்கள் குழுவில் வேலைக்காரன் வேஷம் கட்டியவர் ஒரு வங்கிக் காசாளர். நல்ல நடிகர். முதல் வாரம் அவர் கண்ணை உருட்டினார், தலையைச் சொறிந்தார், வாயைப் பிளந்துகொண்டு நின்றார். வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகள் ஐந்து நிமிஷம் சிரித்தார்கள். அப்புறம் எழுந்து விளையாடப் போய்விட்டார்கள்.

ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் தினமும் வந்து கடைசி நாற்காலியில் உட்காருவார். அவர் கேட்டார்: “எஜமான் சொன்னதைத்தானே தம்பி இவன் செய்யறான்? அப்புறம் எதுக்குத் தலையைச் சொறியறான்?”

அந்த ஒரு கேள்வியில் நாடகமே மாறிப்போனது. வேலைக்காரன் முட்டாள் இல்லை. சொன்ன சொல்லை ஒரு எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றுகிறவன். தப்பு சொன்னவன் வாயில் இருக்கிறது. இது புரிந்ததும் காசாளர் அசடு வழிவதை நிறுத்தினார். கையைக் கட்டி, தலையை லேசாகச் சாய்த்து, பெரிய பொறுப்பை ஏற்றுக்கொள்கிறவர் போல எஜமானன் சொல்வதைக் கேட்டார். அன்றைக்கு ஒத்திகையில் நாங்களே வசனத்தை மறந்து சிரித்தோம்.

படம் பார்த்தவர்களுக்குச் சோடா நினைவிருக்கும். சோடாவை உடைத்துக் கொண்டு வரச் சொன்னால் பாட்டிலையே உடைத்துக் கொண்டு வருகிறவன் அவன். அதை எங்கள் மேடையிலும் வைத்தோம். எஜமானனாக நடித்த கல்லூரிப் பையன், “சோடாவை எதுக்கு சார் உடைக்கணும்?” என்று என்னிடம் கேட்டான். மூடியைத் திருகித் திறந்தே வளர்ந்த பிள்ளை. கோலியை உள்ளே அழுத்துவதற்கு ‘உடைப்பது’ என்று பேர் என்பது அவனுக்குத் தெரியாது. அவன் வயசுக்காரர்கள்தான் முன்வரிசையில் உட்காரப் போகிறார்கள்.

மேடையில் நின்று விளக்கம் சொன்னால் சிரிப்பு செத்துவிடும். அதனால் முந்தின காட்சியில் சின்னதாக ஒன்று சேர்த்தோம். மனைவி, வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு, “இருங்க, சோடா உடைச்சுத் தரேன்” என்று சொல்லிக் கட்டை விரலால் கோலியை அழுத்துகிறாள். டப் என்று ஒரு சத்தம், நுரை, ஒரு டம்ளர். அவ்வளவுதான். பத்து நிமிஷம் கழித்து எஜமானன் அதே சொல்லைச் சொல்ல, வேலைக்காரன் உள்ளே போக, சாக்குப்பைக்குள் வைத்து நாங்கள் நிஜ பாட்டிலையே உடைத்தோம். அந்தச் சத்தம் கேட்டதும் முன்வரிசையிலிருந்துதான் முதல் சிரிப்பு கிளம்பியது.

அந்தச் சிரிப்புக்குள் அடுத்த வசனத்தைச் சொல்லக் கூடாது. முழுசாக அடங்கும்வரை நின்றாலும் காட்சி தொய்ந்துவிடும். சிரிப்பு ஏறி, இறங்கத் தொடங்குகிற இடத்தில் வாயைத் திறக்க வேண்டும். இது ஏட்டில் வராது, ஆள் முன்னால் நடித்துத்தான் வரும். கடைசி ஒரு வாரம் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒத்திகை பார்த்தது இதற்காகத்தான். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

மறுநாள் காலிப் பாட்டில்களைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். சோடாக் கடைக்காரர் பெட்டியில் எண்ணிப் பார்த்து, “ஒண்ணு குறையுதே?” என்றார். காசாளர் கையைக் கட்டி, தலையைச் சாய்த்து, நடந்ததைச் சொன்னார். கடைக்காரர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடையிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தது. இரண்டாவது ஆட்டத்துக்கு அவர் குடும்பத்தோடு வந்தார். வரும்போது மேடைக்கு என்று ஒரு பாட்டிலைக் கையோடு கொண்டுவந்தார்.