கணினியிலிருந்து மைக்ரோகன்ட்ரோலர் ஃபங்ஷனை அழைப்பது எப்படி?

[திரையில்: மடிக்கணினி, ஆர்டுயினோ ஊனோ போர்டு, நடுவில் யுஎஸ்பி கேபிள்]

வணக்கம். கணினியில் ஓடும் பைத்தான் நிரலில் மோட்டார்_நகர்த்து(200) என்று எழுதுகிறோம். அந்த ஃபங்ஷன் இருப்பதோ கேபிளின் மறுமுனையில், ஆர்டுயினோ ஊனோ போர்டில், வெறும் 2 கிலோபைட் ரேம் கொண்ட ஏடிமெகா328பி என்ற மைக்ரோகன்ட்ரோலர் சிப்பில். இருந்தாலும் மோட்டார் 200 படி நகர்கிறது, பதிலும் வருகிறது. இந்த ஏற்பாட்டுக்கு ரிமோட் ப்ரொசீஜர் கால், சுருக்கமாக ஆர்பிசி என்று பெயர்.

கேபிளில் எது போகிறது? ஃபங்ஷனின் பெயர் போக வேண்டியதில்லை, ஒரு எண் போதும். போர்டில் ஃபங்ஷன் பாயின்டர்களின், அதாவது ஒவ்வொரு ஃபங்ஷனும் நினைவகத்தில் இருக்கும் முகவரிகளின் அட்டவணை ஒன்று இருக்கும். 3 என்று வந்தால் மூன்றாம் ஃபங்ஷனை அழைக்கும். எண்ணுக்குப் பின்னால் ஆர்கியுமென்ட்கள், அதாவது 200 போல ஃபங்ஷனுக்குத் தரும் மதிப்புகள்; கடைசியில் பிழை கண்டுபிடிக்க சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண். இவை எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு பாக்கெட்.

[திரையில்: பாக்கெட்டின் பைட்கள் ஒவ்வொன்றாக]

ஆர்கியுமென்ட்களில் கவனம் வேண்டும். ஊனோவில் இன்ட் 2 பைட், கணினியில் வழக்கமாக 4 பைட். தசம எண்ணுக்கான டபுள் ஊனோவில் 4 பைட், கணினியில் 8. அதனால் "16 பிட் முழு எண்" என்று அளவையும், எந்த பைட் முதலில் போகும் என்ற பைட் வரிசையையும் இரு பக்கமும் வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

சீரியல் போர்ட்டுக்கு பாக்கெட் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்றெல்லாம் தெரியாது. அதைக் காட்ட எனக்குப் பிடித்த வழி காப்ஸ் (COBS) என்கோடிங். அது தரவில் இருக்கும் பூஜ்ஜிய பைட்களை எல்லாம், மறுமுனையில் மீட்கக்கூடிய வகையில், வேறு மதிப்புகளாக மாற்றிவிடும், அதனால் பூஜ்ஜியம் வந்தாலே பாக்கெட் முடிந்தது என்று பொருள். இதற்கு ஆகும் கூடுதல் செலவு 254 பைட்டுக்கு அதிகபட்சம் ஒரு பைட்தான்.

சரி, இப்போது முக்கியமான இடம். மோட்டார்_நகர்த்து(200) அனுப்பினோம், பதில் வரவில்லை. கட்டளை வழியில் தொலைந்ததா, மோட்டார் நகர்ந்த பிறகு பதில் தொலைந்ததா? கணினியால் கண்டுபிடிக்கவே முடியாது. மறுபடி அனுப்பினால் மோட்டார் 400 படி நகர்ந்திருக்கலாம். அதில் ஒரு கத்தி பொருத்தியிருந்தால் நினைத்துப் பாருங்கள்.

இதைச் சமாளிக்க இரண்டு வழி. ஒவ்வொரு அழைப்புக்கும் வரிசை எண் கொடுக்கலாம். அதே எண் மறுபடி வந்தால், போர்டு வேலையைத் திரும்பச் செய்யாமல் பழைய பதிலையே அனுப்பும். இன்னொரு வழி, ஃபங்ஷனையே மாற்றுவது: "200 படி நகர்" என்பதற்குப் பதில் "200-ஆம் இடத்துக்குப் போ". பத்து முறை அனுப்பினாலும் விளைவு ஒன்றுதான். முடிந்த இடத்தில் எல்லாம் இதையே தேர்ந்தெடுங்கள்.

[திரையில்: நேரக்கோடு]

அடுத்தது வேகம். 115200 பாட், அதாவது வினாடிக்கு 115200 பிட் வேகத்தில், தொடக்க பிட், நிறுத்த பிட் சேர்த்து ஒரு பைட்டுக்கு ஏறக்குறைய 87 மைக்ரோவினாடி. போக 10 பைட், வர 10 பைட் என்றால் கம்பியில் மட்டும் 1.7 மில்லிவினாடி. அதற்கு மேல், எஃப்டிடிஐ நிறுவனத்தின் யுஎஸ்பி சிப் உள்ள போர்டுகளில், வந்த பைட்களைக் கணினிக்கு அனுப்புமுன் அந்த சிப் காத்திருக்கும் நேரத்தைத் தீர்மானிக்கும் லேட்டன்சி டைமரின் இயல்பான மதிப்பு 16 மில்லிவினாடி. ஆகவே பிஐடி (இலக்கிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்துத் திருத்திக்கொண்டே இருக்கும் முறை) போன்ற வேகமான கட்டுப்பாட்டு லூப் போர்டிலேயே ஓடட்டும். கணினி இலக்கை மட்டும் அனுப்பினால் போதும்.

நீண்ட நேரம் எடுக்கும் வேலைக்கும் பதில் வரும்வரை காத்திருக்காதீர்கள். போர்டு வேலையில் இருக்கும்போது வரும் பைட்கள் காத்திருக்கும் இடமான ஊனோவின் சீரியல் பஃபர் 64 பைட்தான், சீக்கிரம் நிரம்பிவிடும். "தொடங்கு" என்று ஒரு ஃபங்ஷன், "முடிந்ததா" என்று கேட்க இன்னொன்று வையுங்கள்.

எல்லாவற்றையும் நீங்களே எழுத வேண்டும் என்பதில்லை. போர்டின் பின்களைக் கணினியிலிருந்து இயக்க ஃபர்மேட்டா (Firmata) இருக்கிறது, பெரிய திட்டங்களுக்கு என்எக்ஸ்பி நிறுவனத்தின் இஆர்பிசி (eRPC) இருக்கிறது. நீங்களே எழுதினால், முதல் ஃபங்ஷன் போர்டில் உள்ள நிரலின் பதிப்பு எண்ணைத் திருப்பித் தருவதாக இருக்கட்டும். போர்ட்டைத் திறந்ததும் ஊனோ ரீசெட் ஆகும். அது எழுந்து பதில் சொல்லும்வரை பதிப்பையே கேட்டுக்கொண்டிருங்கள். எண் பொருந்தாவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், மோட்டார் பக்கம் போகவே வேண்டாம்.