படம் உண்மை, வரி உண்மை, சேர்த்ததுதான் பொய்

வணக்கம் உறவுகளே. வெள்ளவத்தை மரைன் டிரைவில் நின்று பேசுகிறேன். கடற்காற்று பலமாக இருக்கிறது. சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் படத்தைப் பாருங்கள், கமராவுக்குக் கிட்டக் கொண்டுவருகிறேன். முண்டாசு, முறுக்கு மீசை, பாரதியார்தான். அவருக்குக் கீழே தங்க நிற எழுத்தில், "தமிழன் என்று சொல்லடா, தலை நிமிர்ந்து நில்லடா". நேயர் ஒருவர் அனுப்பி, "அண்ணா, இது பாரதியார் பாடல்தானே?" என்று கேட்டிருக்கிறார். இல்லை தம்பி. எழுதியவர் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை. உப்புச் சத்தியாக்கிரகத்துக்குக் "கத்தியின்றி ரத்தமின்றி" என்று பாட்டெழுதிக் கொடுத்தாரே, அவரேதான்.

வரியில் வீரம் தெரிந்தால் பாரதி, காதல் என்றால் கண்ணதாசன், மாணவருக்கு அறிவுரை என்றால் அப்துல் கலாம் என்று நம்மவர்கள் பாகப்பிரிவினையே செய்து வைத்திருக்கிறார்கள். கலாம் 2015 ஜூலை 27இல் காலமானார். அவருடைய புதிய பொன்மொழிகள் மட்டும் இன்னும் வந்தபடி இருக்கின்றன.

"நல்ல கருத்துத்தானே, யார் சொன்னால் என்ன?" என்று கீழே யாராவது எழுதுவீர்கள், எனக்குத் தெரியும். யார் சொன்னாலும் சரியென்றால் பாரதியின் படம் எதற்கு? அதை எடுத்துவிட்டு உங்கள் படத்தைப் போட்டு அனுப்பிப் பாருங்கள், எத்தனை பேர் பகிர்கிறார்கள் என்று பார்ப்போம். பெயரை நம்பித்தான் சனம் பகிர்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தப் படத்தில் எதுவுமே போலி இல்லை. பாரதி நிஜம், வரி நிஜம். இரண்டையும் ஒட்டியதுதான் பொய். நான் பார்க்கிற வதந்திகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். அதனால் "இது உண்மையா?" என்று கேட்பதற்கு முன்னால் "இதை இதோடு ஒட்டியது யார்?" என்று கேளுங்கள்.

பாரதிக்கே இதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று நடந்திருக்கிறது. "மெல்லத் தமிழினிச் சாகும்" என்று பாரதி அன்றே சொன்னார் என்பார்கள். எழுதியவர் அவர்தான், மறுக்கவில்லை. ஆனால் அடுத்த வரிகளையும் படியுங்கள்: "என்றந்தப் பேதை உரைத்தான் - ஆ! இந்த வசையெனக் கெய்திடலாமோ?" பேதை ஒருவன் இப்படிச் சொல்லிவிட்டானே என்று தமிழ்த்தாய் பொறுக்காமல் பேசுகிற பாட்டு அது. எட்டுத் திக்கும் போய்க் கலைச்செல்வங்களைக் கொண்டுவந்து சேருங்கள் என்றுதான் அது அடுத்துச் சொல்கிறது. கண்டித்தவரின் தலையிலேயே கண்டிக்கப்பட்ட பேச்சைக் கட்டிவிட்டார்கள்!

ரயில் வருகிறது, போகட்டும்... சரி.

திருக்குறள் என்று ஏதாவது வந்தால் வேலை சுலபம். இரண்டு அடி, முதலடியில் நான்கு சீர், அடுத்ததில் மூன்று, 1330க்குள் ஓர் எண். எண்ணைக் கேளுங்கள். "உண்டி கொடுத்தோர் உயிர் கொடுத்தோரே" என்பதைக் குறள் என்று அனுப்பினால் எண் கிடைக்காது, ஏனென்றால் அது புறநானூற்றின் 18ஆவது பாட்டில் இருக்கிறது.

படங்களுக்குக் கூகுள் லென்ஸ் போதும். 2004 சுனாமி என்று சொல்லி ஒரு படத்தொகுப்பு உலகம் முழுவதும் சுற்றியது. பெரிய அலை வருகிறது, கரையில் நின்ற கூட்டம் ஓடுகிறது. அது சீனாவின் சியான்டாங் ஆறு, எடுத்தது 2002இல். அந்த ஆற்றில் கடல் ஏற்றத்தின்போது அலை எதிர்த்து ஏறும். அதைப் பார்க்கவே சனம் கூடும். படத்தை லென்ஸில் போட்டு, எங்கெங்கே வந்திருக்கிறது என்று பழைய திகதி வரை பின்னோக்கிப் போனால் பிடித்துவிடலாம்.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு அம்பாறையைச் சொல்கிறேன். 2018 பெப்ரவரி 26 இரவு, முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடை. சாப்பாட்டில் ஏதோ ஒரு கட்டி கிடந்தது; அது மலடாக்கும் மாத்திரை என்று ஒருவர் சண்டை பிடித்தார். கூட்டம் சூழ்ந்துகொண்டது. காசு மேசையில் இருந்தவர் தமிழ் பேசுபவர், சிங்களம் சரியாகத் தெரியாது. மிரட்டலுக்கு நடுவில், கேள்வி விளங்காமலே, "ஆம், போட்டோம்" என்ற மாதிரி ஏதோ சொல்லிவிட்டார். அதைக் கைபேசியில் பிடித்துக்கொண்டார்கள். அன்றிரவே கடையும் தாக்கப்பட்டது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. காணொளி "ஒப்புதல் வாக்குமூலம்" என்ற தலைப்போடு நாடு முழுவதும் போனது. மார்ச் தொடக்கத்தில் கண்டி, திகனவில் கலவரம் வெடித்தது. அவசரகால நிலை வந்தது, முகநூலும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன. அந்தக் கட்டி வெறும் மாவு என்று பின்னர் அரச பகுப்பாய்வாளர் சொன்னார். அன்றைய வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக 2020 மே மாதத்தில் பேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அங்கேயும் காணொளி போலி இல்லை உறவுகளே. தலைப்புத்தான் போலி.

வட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி தெரிந்தால், அது கை மாறி மாறி வந்த செய்தி. 2020 ஏப்ரலில் இருந்து அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம். அந்தத் தடையையும் தாண்டிப் பொறுமையாக ஒவ்வொருவருக்கும் அனுப்புகிற பெரியப்பாக்கள் நம் எல்லோர் வீட்டிலும் உண்டு. குடும்பக் குழுவில் எல்லோருக்கும் முன்னால் அவர்களைத் திருத்தப் போகாதீர்கள். மானப் பிரச்சினையாகி, அடுத்த நாள் வேண்டுமென்றே இரண்டு கூடுதலாக வரும். தனியாக அழைத்து, "பெரியப்பா, இது எங்கிருந்து வந்தது?" என்று மட்டும் கேளுங்கள்.

அரச அறிவித்தல் என்று வந்தால் அரசாங்கத் தகவல் திணைக்களத்தின் பக்கத்தைப் பாருங்கள். அரசியல்வாதிகளின் பேச்சைச் சரிபார்க்க ஃபெக்ட்செக் டொட் எல்கே என்ற தளம் இருக்கிறது. ஃபெக்ட் கிரெசெண்டோ என்ற உண்மை சரிபார்க்கும் தளம் தமிழிலும் எழுதுகிறது.

சந்தேகமானவை இருந்தால் எனக்கு அனுப்புங்கள், அடுத்த காணொளியில் பார்ப்போம். ஒன்றே ஒன்று: படத்தை வெட்டாமல் முழுதாக அனுப்புங்கள். வெட்டினால் மூலையில் இருக்கிற திகதியும் பக்கத்தின் பெயரும் போய்விடும், பிறகு எனக்குத் தேடப் பிடி கிடைக்காது.