உளவியல் பட்டமும் தவணைக் காசும்

வணக்கம் நேயர்களே. வங்கியின் கடன் பிரிவில் 28 வருடம் இருந்தவன் நான். உளவியல் பற்றிப் பேச இந்த மனிதனை ஏன் கூப்பிட்டார்கள் என்று நீங்கள் யோசிக்கலாம். உளவியல் எனக்குத் தெரியாது. அதைப் படிக்கக் கடன் கேட்டு வந்த பிள்ளைகளையும், அவர்களுக்குப் பிணை நிற்க வந்த மாமாமாரையும் தெரியும்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் இருக்கும்போது யாழ்ப்பாணத்துக் கொடிகாமத்தில் இருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகளுக்கு அரச பல்கலைக்கழகம் போக வேண்டிய உயர்தரப் பரீட்சை இசட் புள்ளி கொஞ்சத்தால் தவறிவிட்டது. கையில் ஒரு தனியார் நிறுவனத்தின் பளபளப்பான விளம்பரத் தாள்: வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் உளவியல் பட்டம், மூன்று வருடம். தாயின் கைப்பைக்குள் ஒரு பழைய பிஸ்கட் பேணி. அதற்குள் தாலிக்கொடி.

"லண்டனிலை என்ரை அண்ணையின்ரை மகள் உதைத்தான் படிச்சவ, சேர். கடன் எடுத்துத்தான் படிச்சவ. அவவுக்கு அது ஒரு கரைச்சலாவே தெரியேல்லையாம்" என்றார் தாய்.

அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்தக் கடனுக்கும் இந்தக் கடனுக்கும் பெயர் மட்டும்தான் ஒன்று. இங்கிலாந்தில் 2023 ஓகஸ்ட்டிலோ அதற்குப் பிறகோ படிப்பைத் தொடங்கிய அந்நாட்டு மாணவர் ஒருவர், வருடம் 25,000 பவுணுக்கு மேல் உழைத்தால்தான் கடனைக் கட்ட வேண்டும். அதுவும் மேலதிகமாக உழைப்பதில் 9 வீதம் மட்டும். 30,000 பவுண் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 450 பவுண், மாதத்துக்கு 40 பவுண்கூட வராது. வேலை போனால் கட்டுமதியும் நின்றுவிடும். 40 வருடத்தில் மிச்சம் இருப்பதைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள். பிணையாளி என்று யாரும் இல்லை. வருமான வரி மாதிரி அது சம்பளத்தோடு போய்விடும். அங்கேயும் மருத்துவ உளவியலாளராக வர முனைவர் பட்டம் வேண்டும். அந்த இடம் கிடைப்பது குதிரைக்கொம்புதான். கிடைத்துவிட்டால், படிக்கும் காலத்திலேயே தேசிய சுகாதார சேவை சம்பளம் கொடுக்கிறது.

இங்கே கதை வேறு. விளம்பரத் தாளைத் திருப்பி அதன் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு பேச்சுக்கு 15 இலட்சம் ரூபாய், 14 வீத வட்டி, ஏழு வருடத்தில் கட்டி முடிப்பது. மாதத் தவணை ஏறத்தாழ 28,100 ரூபாய். "படிச்சு முடிச்ச பிறகுதானே கட்டவேணும்?" என்று மகள் கேட்டாள். ஓம், சலுகைக் காலம் உண்டு. அந்தக் காலத்தில் தவணைதான் நிற்கும், வட்டி நிற்காது. முழுக் காசையும் முதல் நாளே எடுத்துவிட்டால் வருடத்துக்கு 210,000 ரூபாய் வட்டி. மூன்று வருட வட்டியை முதலோடு சேர்த்தால் கடன் 21 இலட்சத்து 30 ஆயிரம். தவணை 39,900 ரூபாய்க்குப் போய்விடும். சலுகை என்ற சொல்லை யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது, வங்கிக்காரனாகத்தான் இருக்க வேண்டும்.

சரி, அந்தத் தவணை எந்தச் சம்பளத்தில் இருந்து போகும்? யாழ்ப்பாணத்தில் உளவியல் படித்தவருக்குத் தேவை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. 2004 சுனாமி, 2009 வரை நீண்ட போர், அதற்குப் பிறகு காணாமல் போனவர்களுக்காகக் காத்திருக்கும் வீடுகள். ஆனால் அந்த வீடுகளா சம்பளம் கொடுக்கப் போகின்றன? பிரதேச செயலகங்களில் உளவளத்துணைப் பதவிகள் உண்டு. அரசாங்கம் விண்ணப்பம் கோரும்போதுதான் அவை திறக்கும். தொண்டு நிறுவன வேலை திட்டம் முடிய முடிந்துவிடும். ஆஸ்பத்திரியில் மருத்துவ உளவியலாளராக இருக்க இலங்கை மருத்துவ சபையின் பதிவு வேண்டும், அதற்கு இளமானிப் பட்டம் மட்டும் போதாது, அந்தத் துறையில் பட்டமேற்படிப்பும் பயிற்சியும் வேண்டும். ஆக, தாளில் மூன்று வருடம் என்று இருந்தது உண்மையில் அதைப்போல இரண்டு மடங்காகலாம். தவணை அதுவரை பொறுத்திருக்காது. உளவியலில் நல்ல சம்பளம் பிந்தித்தான் வரும், தவணை முந்தி வந்து வாசலில் நிற்கும். நான் பார்த்த கோப்புகளில் கடன் கெட்டுப்போனது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான். பிணை நின்றவரின் சம்பளத்தில் கை வைப்பதும் அப்போதுதான். என் தங்கையின் மகனுக்கு நான் பிணை நின்று 14 மாதம் என் சம்பளம் வெட்டுப்பட்டது. இன்றைக்கும் கலியாண வீட்டில் நாங்கள் இருவரும் ஒரே பந்தியில் இருப்பதில்லை.

அதற்காகப் படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் படிப்புக்குக் கட்டணமே இல்லை. இன்னொரு முறை உயர்தரம் எடுப்பது, 15 இலட்சத்தோடு ஒப்பிட்டால், மலிவான செலவு. திறந்த பல்கலைக்கழகத்தில் வேலை செய்துகொண்டே படிக்கலாம். உயர்தரம் சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்கு 2017 இல் தொடங்கிய வட்டியில்லாக் கடன் திட்டம் ஒன்று இருக்கிறது. வட்டியை அரசாங்கம் ஏற்கும். ஆனால் அங்கீகரித்த பாடநெறிகளுக்கு மட்டும்தான். நீங்கள் விரும்பும் பட்டம் அந்த வருடப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நகையை அடைவு வைப்பது அதற்குப் பிறகு.

கொடிகாமத்துத் தாய் பேணியைத் திரும்பக் கைப்பைக்குள் வைத்தார். மகளிடம் ஒரு வேலை சொன்னேன்: "அந்த நிறுவனத்துக்குப் போய், இந்தப் பட்டத்தோடை பதிவு எடுக்க இன்னும் எத்தனை வருஷம் வேணும் எண்டு கேட்டுக்கொண்டு வா, பிள்ளை."

அடுத்த கிழமை தனியாக வந்தாள்.

"கேட்டனான், சேர். 'என்ன பதிவு?' எண்டு அங்கை இருந்தவர் என்னட்டைக் கேட்கிறார்."