சங்கு எட்டும் தூரம்

வணக்கம், நேயர்களே.

வடசென்னையில் பட்டாளம், ஓட்டேரி, புளியந்தோப்பு, பெரம்பூரின் தென்பகுதி. இந்தப் பேட்டைகளில் வீடு மேல் வீடாக ஏன் இத்தனை நெருக்கம்? ஏழைகள் வந்து குடியேறினார்கள் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அது பாதிப் பதில்தான். மீதியை இங்கே இருந்த பி அண்ட் சி, அதாவது பக்கிங்காம் அண்ட் கர்நாடிக் நெசவு மில்லின் சாப்பாட்டு நேரத்தில் தேட வேண்டும்.

1876-இல் பக்கிங்காம் மில், 1881-இல் கர்நாடிக் மில். இரண்டையும் நடத்தியது பின்னி கம்பெனி. 1920-இல் இரண்டும் ஒரே நிறுவனமாயின. அந்தக் காலத்து மில்லில் தறிக்கொரு மோட்டார் கிடையாது. நீராவி எஞ்சின் சுழலும். கூரையடியில் நீளமான ஷாஃப்ட் ஓடும். அதிலிருந்து ஒவ்வொரு தறிக்கும் ஒரு பெல்ட் இறங்கும். ஆள் வராமல் பத்துத் தறி சும்மா நின்றாலும் கொதிகலனில் கரி எரிந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே சங்கு ஊதியதும் எல்லோரும் உள்ளே இருந்தாக வேண்டும். கேட்டில் கண்டிப்பு பிறந்தது அங்கேதான்.

மதிய இடைவேளை அரை மணி நேரம். கொஞ்சம் கணக்குப் போடுவோம். கை கழுவி, கேட்டைத் தாண்டி வெளியே வரவும், திரும்ப உள்ளே நுழையவும் ஐந்து நிமிடம். அள்ளிப் போட்டுக்கொள்ளப் பத்து நிமிடம். மிச்சம் பதினைந்து, அதாவது போக ஏழரை, வர ஏழரை. நிமிடத்துக்கு 80 மீட்டர் நடந்தால் வீடு 600 மீட்டருக்குள் இருக்க வேண்டும். தள்ளி இருப்பவர் தூக்குச்சட்டியோடு வரவேண்டியதுதான், அல்லது வீட்டிலிருந்து யாராவது கேட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

1918-இல் தொழிலாளர் கேட்டவற்றில் ஒன்று, இந்த அரை மணியை நாற்பது நிமிடமாக்குவது. வெறும் பத்து நிமிடத்துக்கா இத்தனை பிடிவாதம் என்று தோன்றும். அதே கணக்கில் நாற்பது நிமிடமானால் வீடு 1,000 மீட்டர் வரை தள்ளியிருக்கலாம். மில்லைச் சுற்றிக் குடியிருக்கக்கூடிய வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. நெருக்கத்தில் வாடகை கொடுத்துக் குடியிருப்பவனுக்கு அது சின்ன விஷயமில்லை.

இந்தக் குறைகள் முதலில் வெளிப்பட்ட இடமும் பேட்டைதான். அங்கே கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் நடத்திய ஆன்மிக சபைக்குத் தொழிலாளர்கள் வருவார்கள். வந்த இடத்தில் மில் பேச்சும் எழும். கடைக்காரர்கள் இருவரும் அன்னி பெசன்டின் சகாவான பி.பி. வாடியாவை அணுகினார்கள், 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. திரு.வி.க.வும் அதில் முன்நின்றார். மில்லுக்குள் ஒருவர் வாய் திறந்தால் வேலை போகும். கடைக்காரரை மேஸ்திரி என்ன செய்ய முடியும்? சங்கத்தின் தொடக்கத்தில் வெளியாட்கள் நின்றதற்கு இதுவே காரணம் என்பது என் கணிப்பு.

ஒரே முதலாளியை நம்பி வளர்ந்த ஊருக்கு ஒரு பலவீனம் உண்டு. மில் நின்றால் சம்பளம் மட்டுமா நிற்கிறது? அரிசிக்கடைப் பற்று, வாடகை, வட்டிக்கடை எல்லாம் ஒரே வாரத்தில் இறுகும். 1921 வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. வேலைக்குத் திரும்பியவர்களுக்கும் திரும்பாதவர்களுக்கும் இடையிலான பிளவு சாதிக்கோட்டின் மேலேயே விழுந்தது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச்சூடும் நடந்தது. அடுத்தடுத்து ஒட்டிய கூரைகளில் நெருப்பு எப்படிப் பரவியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஓட்டேரி நல்லா என்ற கால்வாயையும் மறக்கக் கூடாது. தாழ்வான கரையிலும் குடிசைகள் ஏறின. மழைக்காலத்தில் கால்வாய் நிரம்பினால் முதலில் நனைவது அவைதான்.

1996-இல் மில் மூடியது. காலி ஷெட்டுகளில் சினிமா செட் போட்டார்கள். பிறகு அந்த நிலத்தில் அடுக்குமாடிகள் எழுந்தன. அங்கே குடிவருபவர் வேலைக்குக் காரிலோ ரயிலிலோ போகிறார். மதிலுக்கு வெளியே உள்ள சந்துகள் மட்டும் இன்னும் அதே அகலத்தில், 600 மீட்டர் கணக்கிலேயே நிற்கின்றன.