தினமும் கூடவே வர்ற டிராமா கிட்: எதை வைக்கணும், எங்க வைக்கணும், எங்க சொதப்பும்

வணக்கம் நண்பர்களே. இன்னிக்கு டிராமா கிட் பத்திப் பேசப் போறோம். மாத்திரை, பிளாஸ்டர், ஆயின்ட்மென்ட் எல்லாம் வைக்கிற முதலுதவிப் பெட்டி வேற விஷயம். இது ரத்தம் கொட்டுற காயத்துக்கு மட்டும். பெரியவங்க உடம்புல சுமாரா 5 லிட்டர் ரத்தம்தான் ஓடுது. தொடையில பெரிய தமனி அறுந்தா, சில நிமிஷத்துலயே உயிர் போயிடலாம். ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகமா வந்தாலும், அந்த நிமிஷங்கள் பக்கத்துல நிக்கிறவங்க கையிலதான் இருக்கு. அதனாலதான் வண்டி டிக்கியில கிடக்கிற பெரிய பையை விட, உடம்போடயே இருக்கிற சின்னப் பைதான் முக்கியம்னு திரும்பத் திரும்பச் சொல்றேன்.

வெளிய தெரியாம ஏன் வைக்கணும்? உறுத்துற, துருத்திக்கிட்டு நிக்கிற பொருளை யாரும் ரொம்ப நாள் தூக்கிட்டுத் திரிய மாட்டாங்க. முதல் வாரம் எடுத்துட்டுப் போவாங்க, அப்புறம் அலமாரிக்குப் போயிடும். கறுப்போ சாம்பலோ, சாதாரணமா இருக்கிற ஒரு பை போதும். மேல செஞ்சிலுவைச் சின்னம் ஒட்டாதீங்க. 1949 ஜெனீவா உடன்படிக்கைகள் பாதுகாக்கிற சின்னம் அது, நம்ம இஷ்டத்துக்குப் போட்டுக்கிற அலங்காரம் கிடையாது.

சரி, உள்ள என்ன இருக்குன்னு காட்டுறேன். டூர்னிகெட் ஒண்ணு, அதாவது கை காலைச் சுத்திப் பட்டையைப் போட்டு, தடியால முறுக்கி ரத்தத்தை நிறுத்துற சாதனம். ரத்தத்தை உறைய வைக்கிற காஸ் துணி ஒரு பாக்கெட். தட்டையா மடிச்ச பிரஷர் பேண்டேஜ் ஒண்ணு. நைட்ரைல் கையுறை ஒரு ஜோடி, சின்ன மார்க்கர். இவ்வளவுதான். இடம் பத்தலைன்னா பேண்டேஜை எடுத்துடலாம், கையால அழுத்திப் பிடிச்சுச் சமாளிக்கலாம். டூர்னிகெட்டை மட்டும் எடுக்காதீங்க. பெல்ட்டு, கயிறு, சார்ஜர் ஒயர்னு அதுக்குப் பதிலா எதை எதையோ சொல்வாங்க. தோல் பெல்ட்டு முறுக்குறதுக்கு வளையாது. ஒயர் ஒல்லியா இருக்கிறதால சதையை அறுக்குமே தவிர, ஆழத்துல இருக்கிற தமனியை அமுக்காது.

கேமராவைக் கிட்ட கொண்டு வர்றேன், இந்தப் பட்டையைப் பாருங்க. அகலம் 3.8 சென்டிமீட்டர். இதுதான் சி.ஏ.டி., அதாவது காம்பாட் அப்ளிகேஷன் டூர்னிகெட், ஏழாம் தலைமுறை மாடல். சாஃப்-டி வைடுங்கிற இன்னொரு மாடலையும் நம்பி வாங்கலாம். ஆனா ஆன்லைன்ல சி.ஏ.டி. மாதிரியே அச்சு அசலா போலி விக்குது. விலை ரொம்பக் குறைவா இருந்தா சந்தேகப்படுங்க. போலியில முறுக்குற தடி வளைஞ்சுடும், கிளிப் உடைஞ்சுடும், தையல் விட்டுடும். தயாரிக்கிற கம்பெனிகிட்டயோ, அவங்க அங்கீகரிச்ச விற்பனையாளர்கிட்டயோ மட்டும் வாங்குங்க.

வாங்கினதும் மேல சுத்தியிருக்கிற பிளாஸ்டிக் உறையைக் கிழிச்சுப் போட்டுடுங்க. ரத்தம் பட்ட வழுக்குற விரலால அதை அப்புறம் கிழிக்க முடியாது. ஒரு தொடை நுழையிற அளவுக்கு வளையம் பெருசா இருக்கட்டும். பட்டை நுனியை ஒரு விரல் அளவுக்கு மடிச்சு விடுங்க, அவசரத்துல இழுக்கப் பிடி கிடைக்கும்.

இப்ப கட்டுற முறை. காயத்துக்கு மேல, அதாவது நெஞ்சு இருக்கிற பக்கமா, 5லிருந்து 7 சென்டிமீட்டர் தள்ளிப் போடணும். முட்டி, முழங்கை மேல போடக் கூடாது. காயம் எங்கன்னே தெரியல, துணியெல்லாம் ரத்தம்னா, கையோ காலோ உடம்போட சேர்ற இடத்துக்கு எவ்வளவு கிட்ட போக முடியுமோ அங்க போட்டுடுங்க. பாக்கெட்டுல போன், சாவி இருந்தா முதல்ல எடுத்துடுங்க, பட்டைக்கு அடியில மாட்டினா இறுகாது.

அடுத்து வர்றதுலதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. தடியைத் தொடுறதுக்கு முன்னாடி, பட்டையைப் பலம் கொண்ட மட்டும் இழுத்து ஒட்டணும். விரல் நுனிகூட உள்ள நுழையக் கூடாது. லூசா விட்டுட்டுத் தடியைச் சுத்தினா, பட்டை சுருண்டுக்கிட்டே போகும், அழுத்தம் ஏறாது. ஒன்றரைச் சுற்றைத் தாண்டியும் ரத்தம் நிக்கலைன்னா, பெரும்பாலும் இழுத்தது பத்தலைன்னு அர்த்தம். தடியை விட்டுட்டு, பட்டையை மறுபடி இழுங்க. அரைகுறையா இறுக்கினா நிலைமை இன்னும் மோசமாகும். ஏன்னா தோலுக்குக் கிட்ட இருக்கிற சிரை மட்டும் அடைபடும், தமனி திறந்தே இருக்கும். உள்ள வர்ற ரத்தம் திரும்பிப் போக வழியில்லாம காயம் வழியாவே அதிகமா வெளியேறும்.

சரியா இறுகினா அடிபட்டவர் வலியில கத்துவார். அதுக்குப் பயந்து தளர்த்தாதீங்க. ரத்தம் நின்னதும் தடியைக் கிளிப்புல மாட்டுங்க, மேல வெள்ளைப் பட்டையை ஒட்டுங்க, கட்டின நேரத்தை மார்க்கரால எழுதுங்க. அப்பப்போ தளர்த்தி விடணும்னு ஒரு பழைய வழக்கம் இன்னும் சுத்திக்கிட்டு இருக்கு. அது தப்பு, தளர்த்துற ஒவ்வொரு தடவையும் ரத்தம் போகும். 2 மணி நேரம் வரைக்கும் கை கால் பொதுவா தாங்கும். கழட்டுறது மருத்துவமனை வேலை. ஒண்ணு பத்தலைன்னா, அதுக்கு மேலயே ஒட்டினாப்புல ரெண்டாவது போடலாம். முடிஞ்சா ரெண்டு வைக்கச் சொல்றது இதுக்காகத்தான். சின்னக் குழந்தைங்க கை கால் ஒல்லியா இருந்தா இது இறுகாம போகலாம். அப்ப நேரா காயத்து மேல அழுத்துறதும் காஸ் திணிக்கிறதும்தான் வழி.

கழுத்து ஓரம், அக்குள், தொடை இடுக்கு, இங்கெல்லாம் டூர்னிகெட் கட்ட முடியாது. அதுக்குத்தான் காஸ். குவிக்கிளாட்ங்கிற பிராண்டுல உறைய வைக்கிற பொருளா கயோலின் இருக்கு, செலாக்ஸ்ங்கிற பிராண்டுல கைட்டோசான். ரெண்டுல எது கிடைச்சாலும் சரி. உருட்டி வச்சதை விட இப்படி மடிப்பு மடிப்பா அடுக்கினதா பார்த்து வாங்குங்க, கை தவறித் தரையில உருண்டு போகாது. வெறுமனே காயத்து மேல வச்சா பிரயோஜனம் இல்ல. ரத்தம் எங்கிருந்து வருதுன்னு விரலை உள்ள விட்டுத் தேடி, அந்த இடத்துலயே அழுத்துங்க. அழுத்தத்தை விடாம, இன்னொரு கை விரலால காஸைக் கொஞ்சம் கொஞ்சமா உள்ள தள்ளுங்க. இனிமே நுழையாதுங்கிற அளவுக்கு நிரம்பணும். அப்புறம் ரெண்டு கையையும் வச்சு, உடம்பு பாரத்தை இறக்கி, 3 நிமிஷம் அசையாம அழுத்துங்க. மருந்து சேர்க்காத சாதா காஸா இருந்தா 10 நிமிஷம் வேணும். நின்னுடுச்சான்னு தூக்கிப் பார்க்காதீங்க, உறைஞ்சுக்கிட்டிருந்தது பிஞ்சுடும். நெஞ்சுக்குள்ளயும் வயித்துக்குள்ளயும் திணிக்கவே கூடாது.

செஸ்ட் சீல், அதாவது நெஞ்சுக் காயத்தை மூடுற ஒட்டுத்தாள், ஏன் வைக்கலன்னு கேப்பீங்க. பயிற்சி எடுத்தவங்க வச்சுக்கலாம், தட்டையான பொருள்தான். ஆனா நெஞ்சுல ஓட்டை விழுந்த காயத்தைக் காத்துப் போகாம அடைச்சுட்டு அப்படியே விட்டா, உள்ள காத்துச் சேர்ந்து நுரையீரலை அமுக்கும். மூச்சுத் திணறல் கூடினா மூலையைத் தூக்கி விடத் தெரியணும். அது தெரியாதவங்களுக்கு நான் சிபாரிசு பண்ண மாட்டேன்.

எங்க வைக்கிறது? எந்தக் கை அடிபட்டாலும் இன்னொரு கைக்கு எட்டணும், அதுதான் அளவுகோல். கணுக்கால்ல சுத்துற எலாஸ்டிக் பட்டை பேண்ட்டுக்குள்ள மறைஞ்சுடும், ஆனா கீழ கொஞ்சம் அகலமான பேண்ட் வேணும், வேர்வையில உறைகள் நைஞ்சு போகும். பின்பாக்கெட்டுல வச்சு மேல உக்காந்தா வாக்குவம் பாக்கெட் மூலையில ஓட்டை விழும். எனக்குப் பிடிச்சது, சட்டைக்கு அடியில பெல்ட்டோட படுக்கையா டூர்னிகெட், மத்ததெல்லாம் முன்பாக்கெட்டுல தட்டையா. புடவை, சுடிதார் போடுறவங்களுக்கு இடுப்புல கட்டுற பையோ, குறுக்கா மாட்டுற பையோ சரியா வரும். கைப்பையில வச்சா, பையை விட்டு நகர்ந்த நிமிஷமே கிட் இல்லாத மாதிரிதான். டூர்னிகெட்டை மட்டும் வெயில்ல தொங்க விடாதீங்க, பிளாஸ்டிக் பலம் குறையும், வெல்க்ரோவுல மண்ணு ஏறும்.

மூணு மாசத்துக்கு ஒரு தடவை வெளிய எடுத்துப் பாருங்க. காஸ் பாக்கெட் கல்லு மாதிரி கெட்டியா இருக்கணும். மெத்துன்னு உப்பியிருந்தா காத்து புகுந்துடுச்சு, மாத்துங்க. கையுறை உடம்புச் சூட்டுல ஒட்டிக்கும், அதையும் மாத்துங்க. தேதி முடிஞ்ச காஸைத் தூக்கிப் போடாம, திணிச்சுப் பழக வச்சுக்குங்க. டூர்னிகெட் பழகத் தனியா ஒண்ணு வாங்கி அடையாளம் போட்டு வைங்க. நிறைய தடவை முறுக்கினது பையில இருக்கக் கூடாது, காயத்துக்குப் போட்டதை மறுபடி யாருக்கும் போடக் கூடாது. பழகும்போது ஒரு கையால மட்டும், வலது கைக்கும் இடது கைக்கும் மாத்தி மாத்திப் போடுங்க. பையிலிருந்து எடுக்கிறதுல ஆரம்பிச்சு கிளிப்புல மாட்டுற வரைக்கும் ஒரு நிமிஷத்துக்குள்ள வரணும். நிஜத்துல ஆம்புலன்ஸுக்குப் போன் பண்றதை, பக்கத்துல நிக்கிற ஒருத்தரைக் கைகாட்டிச் சொல்லுங்க. யாரும் இல்லன்னா ஸ்பீக்கர்ல போட்டுக் கீழ வச்சுட்டு, கையைக் காயத்துல வைங்க.